மகனின் கேம் சென்டரும் கடைக்காரரின் ஹார்ட் டிஸ்க்கும்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வசிக்கிறோம். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுகளுக்காகக் காத்திருக்கிறான். வீட்டின் முன்னறையில் ஆறு கணினிகளை வைத்து ஒரு கேம் சென்டர் நடத்த விரும்புகிறான். சீட்டுப் பணத்தை எடுத்துத் தருவதாக நானும் சொல்லிவிட்டேன். கணினி விற்கும் கடைக்காரர் நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகளை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தருவதாகச் சொல்லி, அதற்கென்று தனியாக முற்பணமும் வாங்கியிருக்கிறார். இது திருட்டுப் பிரதி அல்லவா என்று கேட்டேன். "காசு கொடுத்து வாங்கிய விளையாட்டையே கம்பனி என்னிடமிருந்து பறித்துவிட்டது. வாங்கினாலும் சொந்தமில்லை என்றால் நகல் எடுப்பது எப்படித் திருட்டாகும்?" என்று மகன் திருப்பிக் கேட்கிறான். 'த குரூ' என்ற கார் ஓட்டும் விளையாட்டை அவன் வாங்கியதும் அது பிறகு இல்லாமல் போனதும் உண்மை. கொழும்பில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொல்கிறான். அவன் சொல்வது சரியா? பொலிஸ் வருமா? - பெயர் வேண்டாம், கொழும்பு 13.

சட்டத்தரணியின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பொலிஸ் வருமா என்பதைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நித்திரையைக் கெடுப்பது அந்தக் கேள்விதான் என்று தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இலங்கையில் இந்த விடயத்தை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். புத்தகங்களுக்கும் கட்டுரைகளுக்கும் கொடுக்கும் பாதுகாப்பை அது கணினி மென்பொருளுக்கும் கொடுக்கிறது. வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுபவருக்கு நீதவான் நீதிமன்றம் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம் விதிக்கலாம், ஆறு மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம், இரண்டையும் சேர்த்தும் கொடுக்கலாம். மீண்டும் அகப்பட்டால் தண்டனை இரட்டிப்பாகலாம். பிரதி எடுத்து விற்பவருடன் இது முடிந்துவிடுவதில்லை. உரிமை மீறிய மென்பொருள் என்று தெரிந்தும், அல்லது அப்படிச் சந்தேகிக்கப் போதிய காரணம் இருந்தும், அதை வணிக இலாபத்துக்காகப் பயன்படுத்துபவரும் குற்றவாளிதான். உங்கள் முன்னறை இந்த வகைக்குள் வருகிறது. காரணம் இருந்ததா என்று நீதிமன்றம் கேட்டால், நூறு விளையாட்டுகள் ஒரு ஹார்ட் டிஸ்க்கின் விலைக்குக் கிடைத்ததே போதிய காரணம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். நீங்கள் மகனிடம் கேட்ட கேள்வியே நீங்கள் சந்தேகித்தீர்கள் என்பதைக் காட்டுகிறது.

தன் அறைக்குள் தனியாக இருந்து விளையாடும் பையனையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. பாட்டொன்றைச் சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க இருக்கும் விதிவிலக்கு கணினி மென்பொருளுக்கு இல்லை. சட்டப்படி வாங்கியவர் ஒரு காப்புப் பிரதி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் படுக்கையறைகளைத் தேடிப் பொலிஸ் போவதை நான் கண்டதில்லை. கேம் சென்டரின் நிலைமை வேறு. வாசலில் பெயர்ப்பலகை இருக்கும், மணித்தியாலக் கணக்கில் பணம் வாங்கப்படும், பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அடுத்த தெருவில் இதே தொழில் செய்பவருக்கு எரிச்சல் வர இது போதும். ஒரு முறைப்பாடு எழுத அவருக்கு அதிக நேரம் எடுக்காது.

அப்படி வழக்கு வந்தால் நான் அதிகம் பயப்படுவது தண்டப்பணத்துக்கு அல்ல. மீறலுக்குப் பயன்பட்ட கருவிகளை அழிக்கவோ உரிமையாளரிடம் கையளிக்கவோ நீதவான் கட்டளையிடலாம். எதிரி குற்றவாளியாகத் தீர்க்கப்படாவிட்டாலும் அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. உங்கள் சீட்டுப் பணம் முழுவதும் அந்த ஆறு கணினிகளில்தான் இருக்கப்போகிறது. வழக்கு முடியும் வரை அவை வழக்குப் பொருள்களாக ஏதோ ஓர் அறையில் அடுக்கிக் கிடந்தாலே தொழில் படுத்துவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மென்பொருளை வாடகைக்கு விடும் உரிமையும் அதை ஆக்கியவருக்கே உரியது. கையில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய அசல் இறுவட்டாக இருந்தாலும், அனுமதி இல்லாமல் அதை வாடகைக்குக் கொடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு விளையாட்டிலும் ஓர் அசல் பிரதியை வாங்கி ஆறு கணினியிலும் போடுவோம் என்று மகன் சமரசத்துக்கு வந்தாலும் சிக்கல் தீராது.

எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. புறக்கோட்டை நடைபாதையில் இறுவட்டுகளைக் குவித்து விற்ற காலத்தையும், திருட்டுப் பிரதி ஓடும்படி சிப் பொருத்திய பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிகளைக் கடைகளில் பகிரங்கமாக விற்ற காலத்தையும் நானும் பார்த்தவன். அகப்பட்ட எவரும் அந்த வாதத்தால் விடுதலையானதை நான் பார்க்கவில்லை. அமெரிக்கக் கம்பனிக்கு இங்கே என்ன உரிமை என்று கேட்பவர்களும் உண்டு. இலங்கை 1959 இலேயே பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பேர்ண் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. அதில் சேர்ந்த வெளிநாடுகளின் ஆக்கங்களையும் இங்கே பாதுகாத்தாக வேண்டும்.

இனி உங்கள் மகனுடன் பேச வேண்டும். இந்தப் பகுதியை அவரே வாசிக்கட்டும்.

தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 'த குரூ' 2014 இல் விற்பனைக்கு வந்தது. தனியாக விளையாடினாலும் அதை வெளியிட்ட யுபிசொஃப்ட் நிறுவனத்தின் சேவையகத்துடன் (server) இணையம் வழியாக இணைந்திருக்க வேண்டும் என்ற முறையில் அதைச் செய்திருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 ஆம் திகதி சேவையகத்தை மூடினார்கள். அடுத்த மாதமே வாங்கியவர்களின் கணக்கிலிருந்த உரிமங்களையும் நீக்கத் தொடங்கினார்கள். முழு விலை கொடுத்தவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. இதற்கு எதிராக ஐரோப்பாவில் எழுந்த 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற இயக்கத்தின் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. உங்களைப் போலக் கோபப்பட்டவர்கள் அத்தனை பேர்.

அதற்கும் முன்பே இது நடந்திருக்கிறது. 2000களில் இறுவட்டில் வந்த பல விளையாட்டுகளில் சேஃப்டிஸ்க், செக்யூரொம் என்ற நகல் தடுப்புப் பூட்டுகள் இருந்தன. கணினியின் பாதுகாப்புக்கே அவை ஆபத்து என்று சொல்லி, 2015 இல் வந்த விண்டோஸ் 10 அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. அசல் இறுவட்டை அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தவர்களின் விளையாட்டு ஓடவில்லை. பூட்டை உடைத்த பிரதி வைத்திருந்தவர்களுக்கு எந்தத் தடங்கலும் இல்லை. நேர்மையாக நடந்தவனுக்கு மட்டும் தண்டனை கொடுக்கும் இப்படியான பூட்டைச் செய்தவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பதிப்புரிமை பொதுவாக ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். விற்கவும் மாட்டார்கள், மற்றவர்கள் பாதுகாக்கவும் விடமாட்டார்கள். சட்டத்தின் இந்தக் குறையை யாராவது திருத்த வேண்டும் என்று நானும் நினைக்கிறேன்.

வாங்கினாலும் சொந்தமில்லை என்று நீங்கள் சொல்வதை இப்போது விற்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். விற்பது உரிமம் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பொத்தானைக் காட்டக்கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 2024 இல் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வரும் முன்பே, கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் என்ற கடை, பணம் செலுத்தும் பக்கத்தில் அந்த அறிவித்தலைப் போட்டுவிட்டது. ஸ்டீம் கணக்கை விற்க முடியாது, மரணசாசனம் எழுதி இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது.

இதுவரை உங்கள் பக்கம் நின்று பேசினேன். ஆனால் இதிலிருந்து நீங்கள் எட்டும் முடிவு பிழை. 'த குரூ'வை உங்களிடமிருந்து பறித்தது ஒரு கம்பனி. கடைக்காரரின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் நூறு விளையாட்டுகளையும் செய்தவர்கள் வேறு ஆட்கள். ஒரு வீட்டுக்காரர் உங்கள் முற்பணத்தைத் திருப்பித் தராமல் ஏமாற்றினார் என்பதற்காகத் தெருவில் உள்ள மற்ற வீடுகளுக்குள் குடிபுக முடியுமா? அந்த ஹார்ட் டிஸ்க்கில் 'ஸ்டார்டியூ வேலி' இருக்கும் என்று நினைக்கிறேன், அநேகமாக எல்லாரும் அதை ஏற்றுகிறார்கள். அதைச் செய்தவர் எரிக் பரோன் என்ற ஒரே ஒரு மனிதர். படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து நாலரை ஆண்டுகள் உழைத்து 2016 இல் வெளியிட்டார். பிறகு வந்த புதுப் பகுதிகளையும் வாங்கியவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். பூட்டு இல்லாத பிரதியாகவும் அதை வாங்கலாம். யுபிசொஃப்ட் மீதுள்ள கோபத்தை அவர் மீது காட்ட உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

உங்களிடமிருந்து பறிக்கப்பட்ட அந்த விளையாட்டை ஹார்ட் டிஸ்க் திருப்பித் தரவும் போவதில்லை. சேவையகம் இல்லாமல் வெறும் நகல் ஓடாது. அதைத் திரும்ப ஓட வைத்தவர்கள் ரசிகர்கள். மூடிய சேவையகத்தின் வேலையைச் செய்யும் மென்பொருளைத் தாங்களே எழுதி 2025 இல் வெளியிட்டார்கள். சட்டத்தில் அதன் நிலை என்ன என்பது தனி விவாதம். ஆனால் நியாயம் என்ற அளவில், பணம் கொடுத்தவர் தான் வாங்கியதைத் திரும்பப் பெற எடுக்கும் முயற்சியையும், பணமே கொடுக்காத நூறு விளையாட்டுகளை மணித்தியாலக் கட்டணத்துக்கு விடுவதையும் நீங்களே ஒரே தட்டில் வைக்க மாட்டீர்கள்.

பெரிய கம்பனிகளுக்கு இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். இன்று அதிகம் பேசப்படும் பூட்டு டெனுவோ. அதை வைத்து அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் செய்த கணிப்பின்படி, வெளியான உடனேயே பூட்டு உடைக்கப்பட்டால் வருமானத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு உடைக்கப்பட்டால் இழப்பு ஏறக்குறைய இல்லை. இதில் இரண்டு பக்கத்துக்கும் அடி இருக்கிறது. திருட்டுப் பிரதியால் யாருக்கும் நட்டம் இல்லை என்பது பொய். மூன்று மாதம் கழிந்த பிறகும் பூட்டைக் கழற்றாமல், காசு கொடுத்தவனின் கணினியில் அதைச் சுமத்தி வைத்திருப்பதற்கும் நியாயம் இல்லை.

சட்டமும் நியாயமும் எப்படியோ போகட்டும், தொழில் செய்பவர் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பூட்டை உடைத்தவர் யார் என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. அவருக்கு வேறு யாரோ கொடுத்திருப்பார். 2021 இல் வைரஸ் தடுப்பு மென்பொருள் செய்யும் அவாஸ்ட் நிறுவனம் 'கிரக்கொனொஷ்' என்ற தீநிரலைப் பற்றி எழுதியது. பிரபலமான விளையாட்டுகளின் பூட்டு உடைத்த பிரதிகளுக்குள் ஒளிந்திருந்து, வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைத்துவிட்டு, சொந்தக்காரருக்குத் தெரியாமல் கணினியின் வலுவைக் கொண்டு மொனேரோ என்ற மறைகுறி நாணயத்தை அது உருவாக்கிக்கொண்டிருந்தது. 2,22,000க்கு மேற்பட்ட கணினிகளில் அது இருந்தது. அதை இயக்கியவர்கள் இருபது இலட்சம் டொலருக்கு மேல் சம்பாதித்திருந்தார்கள். ஆறு கணினிகள் இராப்பகலாக இப்படி ஓடினால் மின்கட்டணத்தைக் கட்டப் போவது உங்கள் அம்மா. வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைத்துவிட்டு ஏற்றுங்கள் என்று பூட்டு உடைத்த பிரதியுடன் வரும் குறிப்பைப் பார்த்திருப்பீர்கள். அதையே செய்துவிட்டு, அதே கணினியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் கடவுச்சொல்லைத் தட்டினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அவனுடைய கணக்கு களவு போனால் தகப்பன் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்.

சகோதரி, மீண்டும் உங்களுக்கு. கேம் சென்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பையன் சும்மா இருக்காமல் தொழில் ஒன்றை யோசிப்பது நல்லது. கேம் சென்டர்களில் பிள்ளைகள் கூடி விளையாடும் விளையாட்டுகளில் பல இலவசமானவை. டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2, வலோரன்ட் போன்றவற்றுக்கு விலையே கிடையாது. அவரவர் தத்தம் கணக்கில் நுழைந்து விளையாடலாம். ஸ்டீமில் சாதாரணக் கணக்கு சொந்தப் பாவனைக்கு மட்டும் உரியது. ஆனால் கணினி நிலையங்களுக்கென்று அவர்களிடம் தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் பதிந்துகொண்டால் வாடிக்கையாளர் தன் கணக்கில் உள்ள விளையாட்டுகளை உங்கள் கணினியில் விளையாடலாம். சில விளையாட்டுகளுக்கு வணிக உரிமத்தையும் வாங்கலாம். மகன் முதலில் அதற்கு விண்ணப்பிக்கட்டும். ஸ்டீமுக்கு வெளியே உள்ள விளையாட்டுகளுக்கு அந்தந்த நிறுவனத்தின் நிபந்தனைகளில் கணினி நிலையங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று வாசித்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும். ஆறு கணினியிலும் அசல் விண்டோஸ் இருக்க வேண்டும். விளையாட்டில் கவனமாக இருந்துவிட்டு விண்டோஸில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம்.

ஒரே கணக்கைப் பலருக்கு மலிவாக விற்பவர்களும் கொழும்பில் இருக்கிறார்கள். கடவுச்சொல்லைத் தருவார்கள், இணைப்பைத் துண்டித்துவிட்டு விளையாடச் சொல்வார்கள். ஒரு நாள் அசல் சொந்தக்காரர் கடவுச்சொல்லை மாற்றிவிடுவார். அதுவும் வேண்டாம்.

பிளேஸ்டேஷன் வாங்கும் யோசனை வந்தால் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். அதைச் செய்யும் சோனி நிறுவனத்தின் இணையச் சேவை இலங்கையில் அதிகாரபூர்வமாகக் கிடையாது. இங்குள்ளவர்கள் வேறு நாட்டு முகவரியைக் கொடுத்துத்தான் கணக்குத் திறக்கிறார்கள். 2024 மே மாதத்தில் 'ஹெல்டைவர்ஸ் 2' என்ற விளையாட்டைக் கணினியில் விளையாடுபவர்களும் அந்தக் கணக்கை இணைக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தச் சேவை இல்லாத நாடுகளில் ஸ்டீமில் அதன் விற்பனையே நிறுத்தப்பட்டது. பலத்த எதிர்ப்பால் கணக்கு நிபந்தனையைச் சில நாட்களில் கைவிட்டார்கள். எங்களைப் போன்ற சிறு சந்தைகளை அவர்கள் எந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்தது. பொய் முகவரி கொடுத்த கணக்கை நம்பித் தொழிலுக்கு முதல் போடாதீர்கள்.

வீட்டில் தன் சொந்தப் பொழுதுபோக்குக்கு மகன் வாங்குவதென்றால், ஜிஓஜி என்ற போலந்துக் கடையை அவருக்கே தெரிந்திருக்கும். 2008 இலிருந்து பூட்டில்லாத விளையாட்டுகளை விற்கிறார்கள். நிறுவும் கோப்பைத் தரவிறக்கித் தன் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டால், அந்தக் கடை நாளை மூடப்பட்டாலும் தனியாக ஆடும் விளையாட்டு ஓடும். சட்டம் ஒரு காப்புப் பிரதியை அனுமதிக்கிறது என்று மேலே சொன்னேனே, அதை உண்மையில் செய்யக்கூடிய இடம் இது. அங்கே வாங்கியதும் சொந்தப் பாவனைக்கு மட்டும்தான், கேம் சென்டரில் போட முடியாது. வாங்குவதற்கு முன் ஒவ்வொரு விளையாட்டுக்கும் 'இது இணையம் இல்லாமல் ஓடுமா' என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தால் இன்னொரு 'த குரூ' அவரிடம் சேராது. விலையையும் சொல்ல வேண்டும். டொலரின் இன்றைய பெறுமதியில் புது விளையாட்டு ஒன்றின் முழு விலை இங்கே ஒருவரின் சம்பளத்தில் பெரிய துண்டு என்பதை நான் அறிவேன். ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுத்தால் அதே விளையாட்டு கழிவு விற்பனையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். அதற்குள் அதன் பிழைகளையும் திருத்தியிருப்பார்கள்.

கடைசியாக முற்பணம். பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். 'கேம் ஏற்றுவதற்கு' என்று இருந்தால் அதை வைத்து நீங்கள் வழக்குப் போட முடியாது. சட்டவிரோதமான நோக்கத்துக்குச் செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்க முடியாது. அந்தக் கடதாசி உங்களுக்கு எதிரான சான்றாகவும் மாறலாம். கடைக்காரருடன் சண்டைக்குப் போகாமல், ஹார்ட் டிஸ்க்கை வெறுமையாகத் தரச் சொல்லுங்கள். ஏற்றுவதற்குக் கொடுத்த தொகையை, மின்சாரம் நின்றால் கணினியைத் தாங்கும் யூ.பி.எஸ். விலையில் கழிக்கச் சொல்லி, பொருளின் பெயரும் தொடரிலக்கமும் உள்ள புதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். ஆறு கணினிக்கும் யூ.பி.எஸ். எப்படியும் தேவைப்படும். அவர் மறுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காமல் கணினிகளை வேறு கடையில் விசாரியுங்கள். வியாபாரப் பெயரைப் பதிவு செய்யப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். படிவத்தை அவரே நிரப்பட்டும். முன்னறையில் தொழில் நடத்த மாநகர சபையின் அனுமதி வேண்டுமா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.